ராஜத்துரோகமா, தேசத்துரோகமா?

நீங்கள் பங்கு வாங்கியிருக்கும் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம். எழுந்து, 'இந்த மேனேஜிங் டைரக்டர் லாயக்கில்லை, மாத்துங்க' என்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரரோ கம்பெனி ரகசியத்தைப் போட்டிக் கம்பெனிக்கு விற்றுவிட்டு வந்து அமைதியாக போண்டா சாப்பிடுகிறார். உங்கள் இருவருக்கும் ஒரே பட்டம் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா?

நம் பத்திரிகைகள் அதைத்தான் கொடுக்கின்றன. 2015-ல் டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன், 124-ஏ பிரிவில் கைதானார். செய்திகளில் அது 'தேசத்துரோக வழக்கு' ஆனது. ஏன் சார், டாஸ்மாக்கா தேசம்?

1870-ல் வெள்ளைக்காரர்கள் சேர்த்த பிரிவு அது. அரசாங்கத்தின் மீது பேச்சாலோ எழுத்தாலோ வெறுப்பைக் கிளப்புவதுதான் அதில் குற்றம். கவனியுங்கள்... அரசாங்கத்தின் மீது! நாட்டைக் காட்டிக்கொடுப்பது வேறு சமாசாரம். அமெரிக்க அரசியல் சட்டம் அதற்குக் கறாராக வேலி போட்டிருக்கிறது. நாட்டின் மீது போர் தொடுக்க வேண்டும் அல்லது எதிரியோடு சேர்ந்து உதவ வேண்டும். அதிலும், ஒரே செயலுக்கு இரண்டு சாட்சிகள் அல்லது கோர்ட்டில் ஒப்புதல் இருந்தால்தான் தண்டனை.

1908-ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை வாங்கித் தந்ததும் 124-ஏதான். அப்பீலில் குறைந்தது. அன்றைய தமிழில் அது 'ராஜத்துரோகம்'. நேர்மையான வார்த்தை! ராஜாவை எதிர்த்தாய், உள்ளே போ. அவ்வளவுதான். வ.உ.சி.யை 'தேசத்துரோகி' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு கூசும்.

சுதந்திரம் வந்தது. ராஜா போனார், சட்டம் போகவில்லை. நாமாகப் பெயரை மட்டும் மாற்றினோம். வன்முறையைத் தூண்டாத விமர்சனம் குற்றமல்ல என்று 1962-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியும் வழக்குகள் நிற்கவில்லை. 2022-ல் அதே கோர்ட் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். ராஜத்துரோகம் ஒழிந்தது, இனி தேசத்துரோகம்தான் என்றார்கள். 152-வது பிரிவில் 'அரசாங்கம்' இருந்த இடத்தில் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு. சரி, நல்லதுதான். ஆனால் பேச்சும் எழுத்தும் அங்கேயும் இருக்கின்றன. ஆயுள் தண்டனையும் இருக்கிறது. ஆயுள் இல்லையென்றால் மூன்று வருஷம் வரை என்றிருந்தது, ஏழு வருஷம் வரை ஆகிவிட்டது. எந்தப் பேச்சு நாட்டுக்கு ஆபத்து என்று முதலில் முடிவு செய்யப்போவது உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன்.

அதனால், அடுத்த முறை 'தேசத்துரோகி கைது' என்று தலைப்பைப் பார்த்தால் உடனே பல்லைக் கடிக்காதீர்கள். செய்தியைக் கடைசி வரி வரை படியுங்கள். அந்த ஆள் நாட்டை விற்றாரா, மந்திரியைத் திட்டினாரா? மந்திரியைத் திட்டியவர் என்றால், அவர் நம்ம ஆள்தான்.