திரையில் புற்றுநோய்: இறப்பவருக்குக் கதை உண்டு, பிழைத்தவருக்கு?

புற்றுநோயை வைத்து நம் திரைப்படங்கள் எத்தனையோ முறை நம்மை அழவைத்திருக்கின்றன. நோயாளியைச் சுற்றியுள்ள உறவுகளை அவை எப்படிக் காட்டின என்பதைச் சற்று நோக்குவோம்.

ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தை அவரே மறு ஆண்டு இந்தியில் 'தில் ஏக் மந்திர்' என்று எடுத்தார். வடக்கே குடியேறிய நம்மவர் பலர் இக்கதையை இரு மொழியிலும் பார்த்திருப்பார்கள். நோயாளிக் கணவன், மனைவி, அவளை முன்பு நேசித்த மருத்துவர். நான் போய்விட்டால் நீ அவரை மணந்துகொள் என்கிறான் கணவன். சாவு வருமுன்பே நோயாளி தன் இடத்தைக் காலி செய்துவிடுகிறான்! படத்தின் நுட்பமான இடம் இதுதான். ஆனால் அவன் பிழைக்கிறான், மருத்துவர் இறக்கிறார். அந்தப் பேச்சுக்குப் பிறகு கணவனும் மனைவியும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள்? அதற்குள் படம் போகவில்லை.

1982-ல் வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டிலும் நாயகன் நோயை மறைத்துக் காதலியை வெறுப்பதுபோல் நடிக்கிறான். இதைத் தியாகம் என்று கைதட்டினோம். உண்மையில் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமையும் கூட இருக்கும் உரிமையும் பறிபோகின்றன. நம்ம வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? "பொண்ணு கல்யாணம் முடியட்டும், யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்கிறோம். ஒட்டாத நோய் என்று தெரிந்தும் தனித் தம்ளர் வைக்கிறோம்.

ரிஷிகேஷ் முகர்ஜியின் 'ஆனந்த்' (1971) வேறு வழியில் போகிறது. ஆனந்தும் காதலியை விட்டுவிட்டுத்தான் பம்பாய் வருகிறான். ஆனால் நோயை ஒளிப்பதில்லை. முன்பின் தெரியாதவரை 'முராரிலால்' என்று கூப்பிட்டு நண்பராக்கிக்கொள்கிறான். ஊர்விட்டு வந்து அக்கம்பக்கத்தையே சுற்றமாக்கிக்கொண்ட நமக்கு அவன் அந்நியன் அல்ல. ஆயினும் அவனும் இறக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பிழைத்தவர் கதைதான் இன்று நமக்குத் தேவை. 1941-ல் தொடங்கிய பரேல் டாட்டா மருத்துவமனைக்கும், 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் போய்க் குணமாகித் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சிகிச்சை முடிந்தபின் அவர்கள் படும் பாடு வேறு. நலம் விசாரிக்க வருபவர், "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ஆறே மாசம்" என்பார். விசேஷ வேலை எதையும் கொடுக்காமல், "அவங்களை ஏன் சிரமப்படுத்தணும்" என்று ஒதுக்கிவைப்போம். பரிவுதான், ஆனால் அதுவும் ஒரு விலக்கமே. இந்தச் சின்னச் சின்ன விலக்கங்கள் நம் வெகுஜன சினிமாவின் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

இறப்பவனுக்காகக் கண்ணீர் விடுவது எளிது. பிழைத்து வந்தவரைப் பழையபடி "வாங்க மாமி, பொங்கலுக்குக் கோலம் நீங்கதான் போடணும்" என்று கூப்பிடுவதற்குத்தான் மனசு வேண்டும். அந்தக் காட்சியை யாராவது எடுக்கும்வரை காத்திராமல், நம் வீடுகளிலாவது அது நடக்கட்டுமே.