108-ஆவது நிமிடமும் அதற்குப் பிறகும்

அந்த கோல் யூடியூபில் இன்னும் கிடைக்கிறது. 2011 மகளிர் உலகக் கோப்பைக் காலிறுதி. எதிரணி ஜெர்மனி, ஆட்டமும் அவர்கள் மண்ணில். 108-ஆவது நிமிடத்தில் ஹோமாரே சாவா தூக்கிப் போட்ட பந்தைத் துரத்தி ஓடிய கரினா மருயாமா, இடுக்கான கோணத்திலிருந்து வலைக்குள் அடிக்கிறார். எட்டு நாள் கழித்து அமெரிக்காவையும் பெனால்டியில் ஜெயித்து ஜப்பான் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அதே வருஷம் மார்ச் 11 அன்றுதான் அங்கே நிலநடுக்கமும் சுனாமியும். ஜெர்மனி ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் நோரியோ சசாகி, வீராங்கனைகளுக்கு அந்தப் பேரிடரின் படங்களைப் போட்டுக் காட்டினார்.

இதைவிட வசதியான கதை எழுதுகிறவனுக்கு மாட்டாது. ‘இடிந்த தேசத்துக்கு நம்பிக்கை தந்த பெண்கள்’ என்று தலைப்பு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நானும் ஒரு காலத்தில் அப்படியொன்று எழுதியிருக்கிறேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் மருயாமா எங்கே வேலை பார்த்தவர் என்று ஒரு வரிகூட இல்லை.

ஃபுகுஷிமா டாய்-இச்சி அணுமின் நிலையத்தில். அதை நடத்திய டெப்கோ கம்பெனியின் மகளிர் அணிதான் ‘மரீஸ்’. கம்பெனியில் வேலை, மற்ற நேரம் பயிற்சி. மருயாமா முன்பே வேறு அணிக்குப் போய்விட்டார். தடுப்பாட்டக்காரர் அயா சமேஷிமா விபத்து நடக்கும்வரை அங்கேதான் இருந்தார். உலகக் கோப்பை ஜெயித்த வருஷமே மரீஸ் அணி இல்லாமல் போனது.

அணு உலையிலிருந்து இருபது கிலோமீட்டரில் ஜே-வில்லேஜ் என்ற பெரிய கால்பந்து மையம் இருக்கிறது. 1997-இல் அதையும் டெப்கோதான் கட்டிக் கொடுத்தது. அணு உலைகளைத் தாங்கிக்கொண்ட பகுதிக்கு நன்றிக்கடன் என்று வைத்துக்கொள்ளலாம். கையூட்டு என்று சொல்பவரோடும் நான் சண்டைக்குப் போக மாட்டேன். 2006-இல் ஜப்பான் கால்பந்துச் சங்கம் அங்கே சிறுவர் சிறுமியருக்கான அகாடமியைத் தொடங்கியது. தங்கிப் படித்துக்கொண்டே விளையாடலாம். விபத்துக்குப் பின் அந்தப் புல்தரையில் சரளை கொட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். மைதானத்தில் தொழிலாளர்களுக்குத் தற்காலிகக் குடியிருப்புகள் எழுந்தன. அகாடமி, ஃபுஜி மலையடிவாரத்தில் உள்ள கோதெம்பாவுக்கு இடம்பெயர்ந்தது. பெயரில் மட்டும் ஃபுகுஷிமா ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆக, நாம் கைதட்டிய நம்பிக்கைக்கு மைதானமும் சம்பளமும் கொடுத்தது, ஊரைக் காலி செய்ய வைத்த அதே கம்பெனி. இதைச் சொல்வதால் அந்த கோலின் அழகு குறையாது. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்தப் பெண்கள் வெறும் மருந்தாகிவிடுகிறார்கள். தேசத்தின் காயத்துக்குத் தடவ ஒரு களிம்பு.

ஜூன் எண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுகுஷிமாவின் ஷிராகாவாவில் பிறந்தவர். நிலம் நடுங்கியபோது வயது பத்து. பிற்பாடு அதே அகாடமியில்தான் வளர்ந்தார், கோதெம்பாவில். ஃபுகுஷிமாப் பெண், ஃபுகுஷிமா பெயர் கொண்ட அகாடமியில் சேர ஃபுகுஷிமாவை விட்டுப் போக வேண்டியிருந்தது! 2023 உலகக் கோப்பையில் ஜாம்பியாவுக்கு எதிராக கோல் அடித்தபோது அவர் தலைமுடி பளிச்சென்ற இளஞ்சிவப்பு. யாருடைய துயரத்துக்கும் சின்னமாக இருக்கச் சம்மதிக்காத நிறம் என்று எனக்குப் பட்டது. என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கால்பந்து அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் கொடுத்தது? நாளைக்கும் பயிற்சி இருக்கிறது, போன வாரம் தப்பாகப் போட்ட பாஸை இந்த வாரம் சரிசெய்யலாம் என்கிற சாதாரண நாட்கள். வீடு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று தெரியாத வயசில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் சாதாரண நாட்களைப் படம் பிடித்து என்ன செய்வது? நம் கேமராவுக்கு விசிலும் கண்ணீரும் வேண்டும்.

2021 மார்ச் 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தீபம் ஜே-வில்லேஜிலிருந்து கிளம்பியது. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. முதலில் ஏந்தி ஓடியவர்கள் அந்த 2011 அணியின் பெண்கள். மீட்சி முடிந்துவிட்டது என்பதுபோல் ஒரு காட்சி. அடுத்த மாதம் அகாடமியின் பையன்கள் ஜே-வில்லேஜ் திரும்பினார்கள். பெண்கள் பிரிவு வர 2024 ஆனது. அந்த வருஷம் ஜப்பானில் ஏழாம் வகுப்புக்குப் போன ஒரு சிறுமி, சுனாமி வந்த மார்ச்சில் பிறந்தே இருக்கவில்லை.