தேனி மாவட்டத்தின் 1901: ஒரு கணக்கெடுப்புத் தொடரின் மதிப்பீடு

தேனி மாவட்டம் 1996-இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது; எனினும் கணக்கெடுப்புத் துறையின் பத்தாண்டு மாற்ற அட்டவணை அதற்கு 1901 முதலே எண்கள் தருகிறது. இவை பிற்கால எல்லைக்குள் மீளத் தொகுத்தவை. 2001-இன் 10,93,950, 2011-இன் 12,45,899 ஆகியவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியபின் குடியேற்றம் பெருகியதா என்பதை இத்தொடரால் அளக்க முனைவதே பிழை. நீர் வந்தது 1895-இல். தொடரோ ஆறாண்டு கழித்தே தொடங்குகிறது. மேலும், மாவட்ட மொத்தம் நன்செய்க் கம்பத்தையும் வறண்ட ஆண்டிபட்டியையும் ஒன்றாக்கிவிடுகிறது. இவ்வினாவுக்கு உரிய சான்று, 1891, 1901 கணக்கெடுப்புகளில் கம்பம் முதலிய ஊர்களுக்குக் கிடைக்கும் எண்களே. அவற்றுக்கும் ஊரெல்லை ஒப்பீடு முதலில் வேண்டும்.