கள் சமைத்தவளும் கண்ணாடிப் புட்டியும்

2021 மே மாதம் அமெரிக்க விளம்பர நட்சத்திரம் கெண்டல் ஜென்னர் '818' என்ற டெகீலாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விளம்பரத்தில் தொப்பி, பின்னல், குதிரை, பின்னணியில் நீலக் கற்றாழை வயல். மெக்சிகோ உழவரின் தோற்றத்தை வேடமாகப் போட்டுக்கொண்டார் என்று கண்டனம் எழுந்தது. சரக்கு ஹலிஸ்கோ மாநிலத்தில் வடிக்கப்படுகிறது. 818 என்பதோ அவருடைய கலிபோர்னிய வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீட்டு எண். வயலில் வேலை செய்பவர் புட்டியில் எங்கும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கும் தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். 'குடி' என்ற சொல்லையே எங்கள் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஆனால் செடி நமக்குத் தெரிந்ததுதான். திருச்சியிலிருந்து மணப்பாறைப் பக்கம் போனால் வேலியோரம் முள்ளோடு நிற்கிற ஆனைக்கற்றாழை அந்த இனம். ரயில் கற்றாழை என்றும் சொல்வோம். அதன் மடலில் காதலர் பெயர் கீறாத ஊர் உண்டா? ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இதை வடித்து 2011இல் கோவாவில் 'டெஸ்மண்ட்ஜி' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். பின்னர் 'மாயா பிஸ்டோலா' வந்தது. டெகீலா என்ற பெயரை மெக்சிகோ 1974இல் சட்டத்தால் காத்துக்கொண்டது. அதனால் இவை அப்பெயரைப் போட முடியாது.

இத்தகைய அறிமுகங்களில் 'பாரம்பரியம்' என்ற சொல் தவறாமல் வருகிறது. யாருடைய பாரம்பரியம்? மெக்சிகோவின் பழங்குடிகளுக்குக் கற்றாழை மாயாவெல் என்ற பெண் தெய்வம். போதையின் தெய்வங்களான நானூறு முயல்கள் அவள் பிள்ளைகள். செடியின் இனிப்பு நீர் நம் பதநீர் போன்றது. அது புளித்தால் புல்கே, நம் கள். ஸ்பானியர் ஆட்சிக் காலத்தில் புல்கேயைச் சந்தைகளில் விற்றவர்களில் ஏராளமானோர் பெண்கள். பிற்காலத்தில் பீர் ஆலைகள் பெருகியபோது புல்கே ஏழைகளின் அழுக்குப் பானமானது. மெக்சிகோ நகரின் கேன்டீனா மதுக்கடைகளிலோ 1980களின் தொடக்கம் வரை பெண்கள் நுழையவே தடை. தெய்வமாக இருக்கலாம், சுவரில் படமாகத் தொங்கலாம், உள்ளே வந்து உட்காரக் கூடாது.

இது நமக்கு அந்நியக் கதை இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் பெண்கள் கள் சமைக்கிறார்கள். அவர்கள் வட்டில் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. வகுப்பில் இந்த இடம் வரும்போது மாணவிகள் சிரிப்பார்கள். பிறகு ஒருத்தி, "அப்போ அது பொம்பளைங்க தொழிலா மேடம்?" என்று கேட்பாள். புலவர் அதைக் கொண்டாடவும் இல்லை, பழிக்கவும் இல்லை. உழைப்பை அதன் கழிவுநீரோடு சேர்த்துப் பார்த்திருக்கிறார். எந்த விளம்பரப் படமும் அந்தச் சேற்றைக் காட்டியதாக நான் பார்த்ததில்லை. ஔவையோ அதியமான் இறந்தபோது, தன்னோடு கள்ளைப் பகிர்ந்துகொண்டவன் என்றே அவனை நினைத்து அழுகிறாள்.

நான் குடிக்குப் பரிந்து பேசவில்லை. கணவனின் கூலியில் பாதி கடையிலேயே கரைவதைத் தமிழ்ப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கே கள்ளுக்கு 1987 முதல் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக்கின் விற்பனை இப்போது ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மதுக்கடையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்தார். பனையில் இறக்கினால் குற்றம், ஆலையில் வடித்தால் வருமானம், வேண்டாம் என்று பெண் சொன்னால் அறை. இந்த நாட்டில்தான் உயர்விலைப் புட்டி, வசதியான பெண்ணிடம் 'உன் விடுதலை' என்று சொல்லி வருகிறது. அவள் குடிப்பது அவள் உரிமை, அதில் எனக்கு வழக்கில்லை. விடுதலைக்கு விலைச்சீட்டு ஒட்டி, அதை வாங்க முடியாதவளைக் கட்டுப்பெட்டி ஆக்குவதில்தான் வழக்கு.

ஒரு பெண் முதலாளி ஆகிவிட்டால் போதும் என்பாரும் உண்டு. ஜென்னரும் முதலாளிதான். அவரோடு ஒப்பிட எனக்கு வேறொரு பெண் கிடைக்கிறார். ஒஹாகாவின் சாந்தா கத்தரினா மினாஸ் ஊரில் கிரஸியேலா ஆஞ்செலெஸ் தன் குடும்பத்தின் 'ரியால் மினேரோ' மெஸ்கால் பட்டறையை நடத்துகிறார். விதையிலிருந்து கற்றாழை வளர்க்கும் நாற்றங்காலும் வைத்திருக்கிறார். கற்றாழை வாழ்வில் ஒரே முறை பூத்து மடியும். வடிப்பதற்கு வேண்டுமானால் பூத்தண்டு எழும்போதே வெட்டிவிட வேண்டும், இல்லையேல் சர்க்கரை முழுதும் பூவுக்குப் போய்விடும். விதைக்காக விட்ட செடியிலிருந்து ஒரு புட்டியும் தேறாது. பல ஆண்டு வளர்த்ததை அப்படியே பூக்க விடுகிறார்கள்.