'கடன் ஒவ்வாமை': ஒரு கலைச்சொல்லின் வர்க்கச் சார்பு

பொருளியலாளரின் எழுத்தை இலக்கிய விமரிசகர் ஆராய்வது துறைமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும், ஒரு துறையின் கலைச்சொற்கள் எவருடைய நிலையினின்று உலகை நோக்குகின்றன என வினவுவது விமரிசனத்தின் பாற்பட்டதே.

கியூபாவிற் பிறந்து 1966 இல் ஐக்கிய அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் காமன் றைன்ஹாட். முதலீட்டு வங்கியொன்றிலும் சர்வதேச நாணய நிதியத்திலும் பணியாற்றிய அவர், 2020 முதல் 2022 வரை உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக விளங்கினார். அரசுகள் கடனை மீளச் செலுத்தத் தவறுவதே அவரது ஆய்வு வாழ்வின் மையம். 1993 இல் கல்வோ, லைடர்மன் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, லத்தீன் அமெரிக்காவுக்கு மூலதனம் பாய்ந்தமையில் ஐக்கிய அமெரிக்காவின் வட்டிவீத வீழ்ச்சி போன்ற புறக்காரணிகளின் பங்கினை வற்புறுத்தியது. கடன் இரு தரப்பாரிடையேயான உறவு என்பது அங்கு புலப்பட்டது.

பத்தாண்டுகளின் பின் சொல் மாறுகிறது. றொகோவ், சவஸ்தானோ ஆகியோருடன் 2003 இல் எழுதிய கட்டுரையின் மையக் கருத்து 'கடன் ஒவ்வாமை' என்பதாகும். சில நாடுகளுக்கு மொத்தத் தேசிய உற்பத்தியின் 15 முதல் 20 சதவீத வெளிக்கடனே பாதுகாப்பின் எல்லையாகலாம் என அது கூறிற்று. ஒவ்வாமை உடலின் குறை. உணவைப் பரிமாறியவரை அச்சொல் வினவுவதில்லை. இலாபம் தேடிக் கடன் வழங்கியவன் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுகிறான்.

2010 இல் வெளியான வேறொரு கட்டுரையின் கணக்குப் பிழையை முன்னிறுத்தி, 2013 இலிருந்து அவரைக் குறை கூறுவோர் பலர். நமக்கு அப்பிழையினும் இச்சொல்லே முக்கியமானது.

றொகோவுடன் 2009 இல் வெளியிட்ட நூல் 66 நாடுகளின் எட்டு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்தது. இன்று ஒழுக்கம் போதிக்கும் பிரான்சும் ஸ்பானியாவும் முற்காலத்தில் மீண்டும் மீண்டும் கடன் தவறியமையை அது நிறுவிற்று. மன்னராட்சி ஆதரவாளரான பால்சாக்கின் நாவல்களில் அவரது அரசியலுக்கு எதிரான உண்மையை எங்கெல்ஸ் கண்டார். றைன்ஹாட்டின் அட்டவணைகளும் அவரது சொல்லுக்கு எதிராகவே சாட்சியம் அளிக்கின்றன. ஆயினும், தவறிய ஆண்டுகளைக் கூறும் அவ்வட்டவணைகள் எவ்வர்க்கம் இழப்பைச் சுமந்தது எனக் கூறா.

உள்நாட்டுக் கடனின் வரலாறு மறக்கப்பட்டதென 2008 இல் அவ்விருவரும் எழுதினர். இலங்கையர் அதனை அனுபவத்திற் கற்றனர். 2022 ஏப்பிரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துகையை இடைநிறுத்தியது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளுக்கு விலக்களிக்கப்பட்டது; தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்தவையோ, காலப்போக்கில் 9 சதவீதமாகக் குறையும் வட்டியுடைய புதிய முறிகளாக மாற்றப்பட்டன.