ஓல்டீஸ் ரசிகருக்கு வயசாகக் கூடாது

நம்மூர் தனியார் எஃப்எம்மில் எந்த அலைவரிசைக்குப் போனாலும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். அதனாலோ என்னவோ, அமெரிக்க ரேடியோ பற்றிப் படிக்க ஆரம்பித்தால் ஃபார்மட் பெயர்கள் முதலில் குழப்பும். கன்ட்ரி, நியூஸ்-டாக், கிளாசிக் ராக், ஏசி (குளிர்சாதனம் இல்லைங்க, அடல்ட் கன்டெம்பரரி). பார்க்க பாட்டு வகைகளின் பட்டியல் மாதிரி இருக்கும். உண்மையில் அது கேட்பவர்களின் பட்டியல். நிலையம் விளம்பரதாரருக்கு விற்பது பாட்டை அல்ல, காதுகளை. அந்தக் காதுகளுக்கு வயது வரம்பும் உண்டு: பெரும்பாலும் 25 முதல் 54.

நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் 101.1 கதையைப் பாருங்கள். 1972 முதல் அது ஓல்டீஸ் நிலையம். 50கள், 60களின் ராக் அண்ட் ரோல், டூ-வாப். அறிவிப்பாளர்களில் ஒருவர் 'கசின் புரூசி' என்கிற புரூஸ் மாரோ. 60களில் அந்தப் பாட்டுகள் சுடச்சுட வந்தபோதே வேறொரு நிலையத்தில் அவற்றைப் போட்டவர். 2005 ஜூன் 3 மாலை, நேயர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு 'ஜாக்' என்ற ஃபார்மட்டைக் கொண்டுவந்தார்கள். அறிவிப்பாளரே கிடையாது. பல பத்தாண்டுகளின் பாட்டுகள் கலந்துகட்டி வரும், நடுநடுவே பதிவு செய்த ஒரு குரல் நக்கலடிக்கும்.

அது ஐபாட் காலம். ஷஃபிள்தான் எதிர்காலம் என்று நினைத்திருப்பார்கள் போல. ஆனா ஐபாடில் ஷஃபிள் ஏன் பிடிக்குது? அதில் இருப்பது நானே ஏற்றின பாட்டு. அடுத்தவன் பட்டியலைக் கலைத்துப் போட்டால் எனக்கு அது வெறும் ரேண்டம். ஐபாடிடம் இல்லாத ஒன்று ரேடியோவிடம் இருந்தது: பேசுகிற மனுஷன். அவரை வெளியே அனுப்பிவிட்டு, ஐபாடிடம் ஏற்கெனவே இருந்ததை நகல் எடுத்திருக்கிறார்கள். கோடிங்கில் இப்படிச் செய்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ரேட்டிங் விழுந்தது. 2007 ஜூலை 12 அன்று பழைய நிலையம் திரும்பியது. ரசிகர்கள் ஜெயித்த கதையாக இதைச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வந்தது ஓல்டீஸ் இல்லை, 'கிளாசிக் ஹிட்ஸ்'. 60களின் நடுப்பகுதியில் ஆரம்பித்து 80கள் வரை. டூ-வாப் கிட்டத்தட்ட காலி. கணக்கு போட்டால் காரணம் புரியும். 1956இல் 16 வயதாக இருந்தவருக்கு 2007இல் 67. விளம்பரக் கணக்கில் அவர் இல்லை. 'பழைய பாட்டு' என்பது ஒரு ஸ்லைடிங் விண்டோ. வருஷா வருஷம் முன்னால் நகரும், பின்பக்கம் இருப்பவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள்.

விழுந்தவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. கசின் புரூசி 2005இலேயே சிரியஸ் செயற்கைக்கோள் ரேடியோவுக்குப் போய்விட்டார். சும்மா கேட்டுக்கொண்டிருந்த அதே குரலுக்கு அப்போது மாதச் சந்தா கட்ட வேண்டியிருந்தது, 12.95 டாலர்.