நின்றுபோன ஒரு பத்திரிகையும் நாம் கொண்டாடும் கவிதைகளும்

நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் பாரதியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. முண்டாசு, மீசை, கவிதை ஒப்புவிக்கும் போட்டி. ஆனா அவர் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார், அதற்காகவே ஊரை விட்டுப் போனார் என்பதை எனக்குப் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. விழா மேடைகளிலும் சொல்வதில்லை. இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

'இந்தியா' 1906இல் சென்னையில் தொடங்கியது. முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று முழக்கங்கள். தமிழில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழி போட்டதும் அதுதான். 1908இல் அரசு கைவைத்தபோது, சட்டப்படி உரிமையாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போனார். அதே ஆண்டு அக்டோபரில் பத்திரிகை அங்கிருந்து மறுபடி வந்தது.

பிரிட்டிஷ் அரசால் அந்த அச்சகத்தைத் தொட முடியவில்லை. அதனால் வாசகர் பக்கம் திரும்பியது. பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை. வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு இந்தப் பக்கம்தானே? எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள், பால்மரக் காலத்தில் ஒருத்தர் பேப்பரை உரக்கப் படிக்க லயமே உட்கார்ந்து கேட்கும் என்பார்கள். ஒரு பிரதியைத் தடுத்தால் எத்தனை காதுகளை அடைக்கலாம் என்று அரசுக்கும் தெரிந்திருக்கிறது. 1910 மார்ச்சோடு 'இந்தியா' நின்றது.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் ஒரு குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். புதுச்சேரி வாசம் தமிழுக்குக் கிடைத்த வரமாம். அங்கே போகாவிட்டால் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் வந்திருக்குமா என்று கேட்கிறார்கள். கவிதைகள் பெரியவை, அதில் சண்டை இல்லை. ஆனால் ஒரு பத்திரிகையின் கழுத்தை நெரித்தவர்களுக்கு இப்படியொரு நன்றிக்கடிதம் எதற்கு?

ஜெர்மனியின் குர்ட் துகோல்ஸ்கியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 'டீ வெல்ட்ப்யூனெ' வார இதழில் நாஜிகளை விடாமல் கிண்டலடித்தவர். ஸ்வீடனில் குடியேறியிருந்தார். 1933இல் அவர் புத்தகங்கள் எரிக்கப்பட்டன, குடியுரிமையும் போனது. அதன்பின் பொதுவில் எழுதுவதையே நிறுத்திக்கொண்டார். நண்பர்களுக்குக் கடிதங்கள் மட்டும். 1935இல் இறந்தார். எடுத்துக்காட்ட ஒரு காவியம் அங்கே இல்லை. அதனால் அவர் வாழ்ந்த அந்நிய மண்ணை யாராலும் வரம் என்று சொல்ல முடியவில்லை.

அதே இதழின் ஆசிரியர் ஒஸீட்ஸ்கி நாட்டிலேயே தங்கி மாட்டிக்கொண்டார். வதைமுகாமில் நொந்து 1938இல் மடிந்தார். 1935ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு அவருக்குத்தான். நம்ம சீனிவாசனுக்கோ பாரதி வரலாற்றில் ஒரு வரி. தப்பித்துப் போனவரின் எழுத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட ஒருவர் இருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் விமர்சனம் படிக்க வேண்டும்.

முடிவும் வீரக்கதை இல்லை. 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூர் அருகே கைதானார். டிசம்பரில் நிபந்தனைகளோடு விட்டார்கள். எழுதுவதைப் போலீசிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. மேடைகள் இதைத் தொடாது. சுவரொட்டி முகத்துக்குப் பொருந்தாதே.

இதெல்லாம் மலேசியாவில் இருக்கிற நமக்கு எதற்கு? இங்கே 1984ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி, பத்திரிகை நடத்த அரசின் உரிமம் வேண்டும். 1987இல் ஒரே வீச்சில் மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிபோனது. அந்த நாட்டில் பாரதியை வெறும் ஒப்புவிக்கும் கவிஞராக வைத்திருப்பது எல்லாருக்கும் சௌகரியம்.

கருத்துப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தொகுத்திருக்கிறார். சீனி. விசுவநாதன் பாரதியின் எழுத்துகளைக் கால வரிசையில் அடுக்கியிருக்கிறார். அந்த வரிசையில் 1908 முதல் 1910 வரை கட்டுரைகளை மட்டும் படித்துப் பாருங்கள். கவிதைப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.